டேப்பம்மா மறந்த ரொட்டி

ரொட்டிக்கடை முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்கு விருந்தாளிகள் வந்தால் மாவு பிசைகிற இயந்திரத்தைக் காட்டுவார், அடுப்பைக் காட்டுவார், கடைசியில் டேப்பம்மாவைக் காட்டுவார். "போன வருசம் மழையில கரண்டு போச்சே, அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தன ரொட்டி போச்சுன்னு கேட்டுப் பாருங்க" என்பார். விருந்தாளி சிரித்துக்கொண்டே கேட்பார். டேப்பம்மா கையிலிருக்கும் துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல், "எண்பது. அதுல ஆறு கருகினதுன்னு திரும்பி வந்துச்சு" என்பாள். விருந்தாளி வாயைப் பிளப்பார். முதலாளி, ஏதோ தானே பெற்று வளர்த்த மூளை மாதிரி, மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒரு தடவை பதிந்தால் அழியாது என்பதால் டேப். வயது ஏற ஏற மரியாதைக்கு ஒரு அம்மா ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் கட்டிக்கொண்டவருக்கும் சபைப் பதிவேட்டுக்கும் மட்டுமே தெரியும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், ஆனால் ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அதனால் எல்லாவற்றையும் காதால் வாங்கித் தலைக்குள் வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக எந்த விடுதிக்கு எத்தனை ரொட்டி, எந்த டீக்கடைக்கு எத்தனை பன், ஆஸ்பத்திரியில் எந்த வார்டுக்குச் சர்க்கரை போடாதது, எந்தக் கேன்டீனுக்குச் சனிக்கிழமை பாதி என்பதெல்லாம் அவள் தலையில்தான் இருந்தது. காலையில் வண்டிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், அவள் சொல்லச் சொல்ல ஏற்றிக்கொண்டு போவார்கள். முதலாளி ஒரு நோட்டுகூடப் போடவில்லை. சும்மா கிடைக்கிற மூளை இருக்கும்போது நோட்டுக்கு எதற்குச் செலவு?

வேதமும் அப்படித்தான் அவளுக்குள் போனது. சர்ச்சில் முன்பு இருந்த போதகர் ஒரு பிடிவாதக்காரர். புதன்கிழமை சாயங்காலம் தன்னுடைய பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் சத்தமாக வாசிப்பார்; முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. யார் யாரைப் பெற்றார், எந்தத் திரைக்கு எத்தனை முழம் என்று வருகிற இடத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். டேப்பம்மா மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருப்பாள். பக்தி என்று மற்றவர்கள் சொன்னார்கள். "நாள் பூரா நின்ன காலு, எங்கயாவது ஒக்காரணுமே" என்று அவள் சொன்னாள். இரண்டும் உண்மைதான்.

கடையில் அவளுக்கு அண்ணன் மாதிரி ஒருவர் இருந்தார், அடுப்புக்காரர். முதலாளியின் அப்பா காலத்து ஆள். முப்பது வருடம் அந்த அடுப்பின் வாயில் நின்று மாவுத்தூளையும் புகையையும் இழுத்து இழுத்து மூக்கு செத்துப்போனது. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். வாசனை தெரியாத ஆள் எப்படி ரொட்டி சுடுகிறார் என்று புதிதாய் வந்தவர்கள் கேட்பார்கள். வெந்த ரொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே வெறும் கூடு மாதிரி டொக்கென்று சத்தம் வந்தால் வெந்தது. மொத்தென்று கேட்டால் திரும்ப உள்ளே. அந்தக் காது ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஆனால் கண் மங்க ஆரம்பித்ததும் முதலாளி ஒரு சால்வை போர்த்தி, ஒரு புகைப்படம் எடுத்து, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சால்வையை எத்தனை நாள் தின்ன முடியும்?

அவர் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் பினாயில் விவகாரம் வந்தது.

கடையின் பின்வாசல் ஒரு சந்தில் திறக்கும். அன்றன்று விற்காத ரொட்டியை அங்கே பெரிய தொட்டியில் கொட்டுவார்கள். பன்றிப்பண்ணை வண்டி வந்து அள்ளிப்போகும். வண்டி வருவதற்குள் நாலைந்து பேர் வந்து பொறுக்கிப்போவார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு சாயங்காலம் முதலாளி அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் ஒரு கேன் பினாயிலை டேப்பம்மாவிடம் நீட்டினார்.

"கொட்டினதும் மேல ஊத்திடு. இனிமே பன்னி வண்டியும் வேணாம், குப்ப வண்டி எடுத்துக்கட்டும்."

"எதுக்கு மொதலாளி?"

"பின்வாசல்ல சும்மா கெடச்சா முன்வாசல்ல எவன் வாங்குவான்? ஒரு தடவ நாத்தம் அடிச்சா அப்புறம் ஒருத்தனும் வரமாட்டான். அவங்களுக்கும் நல்லதுதான், ஒழைக்கப் பழகுவாங்க."

அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஊற்றினாள். அதை மூடிமறைத்து எழுத நான் தயாரில்லை. வீட்டில் முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த புருஷன், வருகிறது இவள் சம்பளம் ஒன்றுதான். நெடி மூக்கைத் துளைக்கிறதே, யார் எடுக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பத்தொன்பது நாள் ஊற்றினாள்.

இருபதாவது நாள் காலையில் ஆஸ்பத்திரி வண்டிக்காரர் ரொட்டி ஏற்றிக்கொண்டே சொன்னார். "நம்ம அடுப்புக்காரர் அஞ்சாம் வார்டுல கெடக்குறாரு. வாயெல்லாம் வெந்துபோச்சாம்."

டேப்பம்மா கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கட்டிலில் அவர் உதடு வீங்கி, ஓரமெல்லாம் உரிந்து கிடந்தார். பகலில் பின்சந்துக்கு வர அவருக்கு வெட்கம். தான் சுட்ட கடையிலேயே பொறுக்க வந்தான் என்று யாராவது சொல்லிவிட்டால்? அதனால் எல்லாரும் போனபிறகு, இருட்டுகிற நேரம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போயிருக்கிறார். கண் மங்கல், ஈரம் தெரியவில்லை. மூக்கு இல்லை, நெடி தெரியவில்லை. கசப்பைப் பழைய ரொட்டி என்று நினைத்து டீயில் நனைத்து விழுங்கியிருக்கிறார்.

"நான்தாண்ணே ஊத்தினேன்" என்றாள் டேப்பம்மா. சுற்றி வளைக்க அவளுக்கு வராது.

அவர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். வீங்கின உதட்டோடு வார்த்தை மெதுவாகத்தான் வந்தது.

"எனக்கு மூக்கு இல்லன்னு ஒனக்குத் தெரியுமே தங்கச்சி."

தெரியும். ஊர் உலகத்தில் உள்ள எல்லா ரொட்டியும் ஞாபகம் இருந்த அவளுக்கு, ஞாபகம் வந்திருக்க வேண்டிய அந்த ஒன்று மட்டும் பத்தொன்பது நாளும் வரவில்லை. வார்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் எழுந்தாள். எழுந்தபோது அவள் பழைய டேப்பம்மா இல்லை.

நேராகப் பின்சந்துக்குப் போனாள். தொட்டியிலிருந்து முந்தின நாள் ரொட்டி ஒன்றை எடுத்தாள். முதலாளியின் அறையில் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ஆசீர்வாதத்தைப் பற்றிய வசனம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஆசீர்வாத வசனங்களுக்குத்தான் எப்போதும் சட்டம் கிடைக்கும். எளியவனைப் பற்றிய வசனத்தை எந்தக் கடையில் மாட்டி வைத்திருக்கிறார்கள்? டேப்பம்மா அந்த ரொட்டியைக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்க மொதலாளி."

"என்ன கண்றாவி இது? எடு, எடு! நாத்தம் கொடலப் புடுங்குது!"

"ஒங்களுக்கு மூக்கு இருக்கு, தப்பிச்சுட்டீங்க. ஒங்க அடுப்புல மூக்கத் தொலைச்சவரு சாப்பிட்டு ஆஸ்பத்திரியில கெடக்குறாரு."

முதலாளிக்கு முகம் வெளுத்தது. அது நிஜம். கெட்ட மனுஷன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாத ஆள்தான் அவர். ஆனால் வெளுத்த முகம் சரியாக அரை நிமிடத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. "பழம் ஏதாவது வாங்கி அனுப்பு. இதுக்குத்தான் பொறுக்க வராதீங்கன்னு சொல்றது" என்றார்.

அன்று சாயங்காலம் டேப்பம்மா கடையைத் துடைத்தாள், விற்காத ரொட்டியைத் தொட்டியில் கொட்டவில்லை. இரண்டு தட்டில் அடுக்கி, வெள்ளைத்துணி போட்டு மூடி, பின்வாசற்படியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பினாயில் கேன் மூடி திறக்காமல் நின்றது. காலையில் தட்டு காலியாக இருந்தது. துணியை யாரோ மடித்து வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் முதலாளி கண்டுபிடித்துவிட்டார். "ஏன் ஊத்தல?"

"மறந்துட்டேன் மொதலாளி."

"ரொட்டிய ஏன் வெளிய வச்ச?"

"உள்ள எடுத்து வைக்க மறந்துட்டேன்."

முதலாளி கண்ணைச் சுருக்கினார். "போன மாசம் ரெண்டாம் செவ்வாக்கெழம பெரிய விடுதிக்கு எத்தன ரொட்டி போச்சு?"

"அறுபது. வண்டிக்காரர் சைக்கிள் செயின் அறுந்து அர மணி நேரம் லேட்டு. நீங்க நீலச்சட்ட போட்டிருந்தீங்க."

"இதெல்லாம் ஞாபகம் இருக்கு, தெனமும் ஊத்தச் சொன்னது மறந்துபோச்சா?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

வண்டிக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ரொட்டிக் கூடைக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்கள். ஆனால் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. புருஷன் படுக்கையில் இருந்தபடியே, "ஏம்மா, ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? நீ ஊத்தலன்னா இன்னொருத்தி ஊத்துவா" என்றார்.

"ஊத்தட்டும். அது அவ கை. இது என் கை."

"வேல போச்சுன்னா?"

அவள் அவர் தலையணையைச் சரிசெய்தாள். பயமாகத்தான் இருந்தது. தைரியசாலிக்குப் பயமே இருக்காது என்று சொல்கிறவன் பொய்யன். அவள் பயத்தோடே மறுநாளும் தட்டை மறந்தாள், அதற்கு அடுத்த நாளும் மறந்தாள்.

முதலாளி சபையில் பெரிய ஆள். கமிட்டித் தலைவர். பிரசங்க மேடையில் இருக்கும் பொன்விளிம்பு போட்ட பெரிய வேதப் புத்தகம் அவர் கொடுத்தது, முதல் பக்கத்தில் அவர் பெயர் அச்சடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டேப்பம்மாவைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். புதுப் போதகர் இருந்தார். சின்ன வயசு, நல்ல மனசு, ஆனால் குடியிருக்கிற வீட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுத்தது முதலாளி. அதனால் அவர் கழுத்து இரண்டு பக்கமும் ஆடப் பழகியிருந்தது.

"அம்மா, ஐயாவோட பொருள ஐயாவுக்குத் தெரியாம எடுத்துக் குடுக்குறது..." என்று போதகர் இழுத்தார்.

"திருட்டு" என்று முதலாளி முடித்தார். "களவு செய்யாதேன்னு கர்த்தர் சொல்லியிருக்காரு. வேதம் தெரிஞ்சவதானே நீ?"

"தெரிஞ்சவதான். பாஸ்டர், அந்தப் பெரிய புத்தகத்தக் கொண்டாங்க. உபாகமம் இருபத்திநாலு, கடைசிப் பக்கமாப் பாருங்க."

போதகர் கொண்டுவந்து விரித்தார். பக்கம் பிரியவில்லை. பொன்விளிம்பு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. வாங்கி ஒன்பது வருடமாக அந்த இடத்தை ஒருவரும் திறக்கவில்லை. போதகர் நகத்தை விட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்தார், சின்னச் சின்னதாகச் சத்தம் கேட்டது. அவர் பிரிப்பதற்குள் டேப்பம்மா சொல்லி முடித்துவிட்டாள், தன் சொந்தப் பேச்சில்.

"வயல்ல அறுக்கும்போது ஒரு கட்ட மறந்து விட்டுட்டு வந்துட்டா, அத எடுக்கத் திரும்பிப் போகாத. அது பரதேசிக்கும், அப்பன் ஆத்தா இல்லாததுக்கும், விதவைக்கும். நீயும் ஒருகாலத்துல அடிமையா இருந்தவன்தான், நெனச்சுக்கோ. இப்படித்தானே இருக்கு பாஸ்டர்?"

போதகர் விரலை ஓட்டிப் படித்தார். "இருக்குதுங்க" என்றார் மெதுவாக.

"அது வயலுக்குச் சொன்னது. எனக்கு வயலா இருக்கு? கடைதானே இருக்கு?"

"ரொட்டி எங்கேருந்து வந்துச்சு மொதலாளி? மெசின்ல வெளஞ்சுதா?"

"அதெல்லாம் அந்தக் காலத்துச் சட்டம்."

"களவு செய்யாதேன்னதும் அந்தக் காலத்துச் சட்டந்தான். அத மட்டும் ஏன் இன்னைக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

முதலாளி எழுந்துவிட்டார். ஆள் புத்திசாலி, சும்மா ஒன்றும் கடை நடத்தவில்லை. "சரி. மறந்தாத்தான ஏழைக்கு? நீ மறக்கல. நடிக்கிற. நடிச்சு விட்டா செல்லும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இருக்கு. லேவியராகமம் பத்தொம்போது. வயலோரத்தத் தீர அறுக்காத, விட்டு வைன்னு இருக்கு. ஓரத்த மறந்து விட முடியாது, தெரிஞ்சேதான் விடணும். மறந்ததும் அவங்களுக்கு, தெரிஞ்சே விட்டதும் அவங்களுக்கு. விஷம் ஊத்தணும்னு மட்டும் எங்கயும் இல்ல. நான் அந்த மூணு வருசமும் ஒரு புதன்கெழம விடாமக் கேட்டவ."

போதகர் அடுத்த பக்கத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். முதலாளி அவரைப் பார்த்தார். போதகர் முதல் தடவையாகத் தலையை எந்தப் பக்கமும் ஆட்டவில்லை. குனிந்து படித்துக்கொண்டே இருந்தார்.

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வரவேணாம்" என்றார் முதலாளி.

"சரிங்க."

இடுப்பிலிருந்த பின்வாசல் சாவியை மேசைமேல் வைத்தாள். கதவுவரை போனவளை முதலாளியே கூப்பிட்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இரு. யார் யாருக்கு எத்தன ரொட்டின்னு பாஸ்டர்கிட்ட சொல்லு, அவரு எழுதிக்கட்டும்."

டேப்பம்மா கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நெற்றியைத் தடவினாள். "மறந்துட்டேனே மொதலாளி."

"ஏய், வெளையாடாத!"

"மறந்தத எடுக்கத் திரும்பக்கூடாதுன்னு இப்பதானே பாத்தோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிச் சர்க்கரை நோயாளிகளுக்கு இனிப்பு பன் போனது. பெரிய விடுதிக்கு அறுபது ரொட்டிக்குப் பதில் ஆறு. ஒரு டீக்கடைக்காரர் தன் கடைக்கு வந்த எண்பது ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சில் அடுக்கி, தான் நின்றுகொண்டே வியாபாரம் செய்தார். செவ்வாய்க்கிழமை முதலாளி ஒரு நோட்டு வாங்கினார். வண்டிக்காரர்களைக் கேட்டு எழுதினார், அவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் இத்தனை வருடம் சொல்லச் சொல்ல ஏற்றினவர்கள், எண்ணைத் தலையில் வைத்ததே இல்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு கடை பார்த்துக்கொள்வோம் என்று. அந்த மூன்று நாளும் டேப்பம்மா வீட்டில் கஞ்சியில் தண்ணீர் கூடிக்கொண்டே வந்தது. புருஷன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வியாழக்கிழமை முதலாளி அவள் வீட்டுக்கே வந்தார். அந்த ஒற்றை அறையில் ஒரே நாற்காலி, அதில் மருந்துப் புட்டிகள் இருந்தன. அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சரி, வா. சம்பளம் கூட்டித் தர்றேன்."

"சம்பளம் கெடக்கட்டும். பின்வாசற்படியில தெனமும் தட்டு இருக்கணும். அந்தப் பினாயில் கேன் நம்ம கடைக்குள்ளயே வரக்கூடாது."

"சரி."

"அடுப்புக்கார அண்ணன் நாளக்கி ஆஸ்பத்திரியிலேருந்து வர்றாரு. அவருக்கு அடுப்புக்கிட்ட ஒரு ஸ்டூலு. சம்பளத்தோட."

"கண்ணு தெரியாத மனுசன் அடுப்புக்கிட்ட என்ன பண்ணுவாரு?"

"காது கேக்குதில்ல? புதுப்பையன் சுடுறதுல பாதி உள்ள மாவா இருக்குன்னு விடுதிக்காரங்க திட்டுறது ஒங்க காதுலதான் விழல."

முதலாளி பெருமூச்சு விட்டார். அவருக்கும் ஒரு யோசனை இருந்தது, வியாபாரி ஆயிற்றே. "ஒண்ணு பண்ணுவோம். பின்வாசல்ல ஒரு போர்டு மாட்டுவோம். நம்ம கடையின் தர்மம்னு, எங்கப்பா பேர் போட்டு. நாலு பேருக்குத் தெரியட்டும்."

"தர்மம் இல்ல மொதலாளி. அது அவங்க பங்கு. அவங்க பங்கக் குடுக்குறதுக்கு நமக்கு எதுக்குப் போர்டு?"

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க நீ" என்றார் முதலாளி. ஆனாலும் போர்டு வந்தது. தங்க எழுத்தில், கீழே முதலாளி பெயரும் சேர்த்து. வெள்ளிக்கிழமை அதை டேப்பம்மா கையில் கொடுத்து, ஆணியும் கொடுத்து, பின்வாசல் சுவரில் அடித்துவிடச் சொன்னார். அவள் சரி என்று வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து விருந்தாளிகள் வந்தார்கள். முதலாளி மாவு இயந்திரத்தைக் காட்டினார். அடுப்பைக் காட்டினார். அங்கே ஸ்டூலில் அடுப்புக்காரர் உட்கார்ந்து ரொட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஒன்றைத் தட்டி, தலையை அசைத்து, உள்ளே தள்ளச் சொன்னார். அப்புறம் டேப்பம்மா. விருந்தாளிப் பெண்மணி ஏதோ ஒரு மழைநாளைக் கேட்டாள், டேப்பம்மா எண்ணிக்கையோடு யார் எந்தக் குடை பிடித்து வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"அப்படியே பின்னாடி வாங்க" என்றார் முதலாளி பெருமையாக. "ஏழைங்களுக்காக நம்ம குடும்பம் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கு. போர்டே வச்சிருக்கோம்."

பின்வாசற்படியில் வெள்ளைத்துணி போர்த்திய இரண்டு தட்டு இருந்தது. சுவர் வெறுமையாக இருந்தது. ஆணி அடித்த அடையாளம்கூட இல்லை.

"போர்டு எங்க?" என்றார் முதலாளி.

டேப்பம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். விருந்தாளிகள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"மறந்துட்டேன் மொதலாளி."